இது அன்று, அது!

பெருங்களத்தூரில் எங்கள் தெருவில் வாழும் கல்லூரி மாணவி ஒருத்தி, பழம்பாடல்களில் நிலவு பற்றிக் கட்டுரை எழுத விரும்பிக் கணினியில் ‘திங்கள்’ என்று தேடினாள். வந்து குவிந்தவை திங்கட்கிழமைத் தேர்வு அட்டவணைகள்! அவள் என்னிடம் முறையிட்டபோது எனக்கு எஸ். ஆர். அரங்கநாதன் நினைவுக்கு வந்தார்.

சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணிதம் கற்பித்து வந்த அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது. வாசகர் வாயால் கேட்பது ஒன்று. உள்ளத்தால் வேண்டுவது மற்றொன்று. நல்ல நூலகர் ஒரு நூலை எடுத்துக் காட்டி, ‘இதுவா?’ என்பார், முகக்குறிப்பை அறிந்து அடுத்த அலமாரிக்கு நடப்பார்.

மாணவ நண்பர்களே, அந்த முகக்குறிப்பைப் பொறிக்கு உணர்த்துவது எங்ஙனம்? அமெரிக்காவில் ஜெரார்டு சால்ட்டன் உருவாக்கிய ‘ஸ்மார்ட்’ என்னும் தேடல் அமைப்பில், 1965-இல் ஜோசப் ரோக்கியோ இதற்கு ஒரு கணக்கு வகுத்தார். ஒவ்வோர் ஆவணமும் தன் சொற்களின் எடைகளாலாகிய எண் வரிசை, கேள்வியும் அத்தகையதே. வாசகர் ஏற்றவற்றின் சராசரியைக் கேள்வியோடு கூட்டுக. தள்ளியவற்றின் சராசரியில் ஒரு பங்கைக் கழிக்க. அவ்வளவுதான்! கேள்வி நிலவை நோக்கி நகரும். கிழமையை விட்டு விலகும்.

2018-இல் ‘பெர்ட்’ என்னும் நரம்பு வலையமைப்பு மாதிரி வந்தது. இவ்வகை மாதிரிகள் சொல்லைவிடப் பொருளையே எண்களாக்குகின்றன. எனவே ‘நிலவு’ம் ‘மதி’யும் அருகருகே அமையும். எனினும், தனியே நிற்கும் ‘திங்கள்’ எதைக் குறிக்கிறது என்று அவற்றுக்கும் எப்படித் தெரியும்? அங்கும் ரோக்கியோவின் பழைய கணக்கே புதிய எண்களின்மேல் கைகொடுக்கிறது.

வாசகர் வாளாவிருந்தால், முதலில் வந்த சிலவற்றையே பொருத்தமானவை என்று பொறி தானே கொள்ளும் முறையும் உண்டு. பெரும்பாலும் பயன் தரும். ஆனால் எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. முதலில் வந்தவை அட்டவணைகளாயின், மேன்மேலும் அட்டவணைகளே வருமன்றோ?

இவற்றைக் கேட்டபின் அம்மாணவி, குவியலின் அடியில் கிடந்த இரண்டு நல்ல கட்டுரைகளைப் பிரித்தெடுத்தாள். அவற்றிலிருந்த ‘மதி’, ‘அம்புலி’ என்னும் சொற்களைத் தன் கேள்வியோடு சேர்த்து மீண்டும் தேடினாள். அன்று நெடுநேரம் அவள் வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.