அஷ்வெல் ஆலயச் சுவர்

இங்கிலாந்தின் ஹேர்ட்போர்ட்சயர்ப் பகுதியிலே அஷ்வெல் என்னும் சிற்றூரில், 14ஆம் நூற்றாண்டில் எழுந்த புனித மரியாள் ஆலயம் உளது. 176 அடி உயர்ந்த அதன் கோபுரத்தை வியப்போர் பலர். ஆயினும், அக்கோபுரத்தின் உட்சுவரே ஊன்றி நோக்கற்பாலது. கட்டடத்துக்குக் கொண்ட கல் சுண்ணாம்புக்கல், கத்திமுனைக்கும் இடங்கொடுப்பது. அம்மென்மை கட்டடத்துக்குக் குறையெனினும், வரலாற்றுக்கு வாய்த்த பேறேயாம். கொள்ளைநோய் வாட்டிய 1350ஆம் ஆண்டினைக் குறித்து யாரோ ஒருவர் அதில் இலத்தீன் மொழியிற் கீறிவைத்தார்: இரங்கத்தக்க கொடிய ஆண்டு, மக்களுள் இழிந்தோரே சாட்சியாக எஞ்சினர் என்பது அதன் கருத்து. தப்பியவர் தம்மையே இழிந்தோர் என்றது நெஞ்சை உறுத்துகின்றது. பின்னர், இன்றைய கணக்கில் 1362 சனவரியில் வீசிய பெரும்புயலும் அங்கே பதிவாயிற்று. அரசர் பொறிப்பித்த சாசனமன்று இது. எழுதியவர் பெயரும் இல்லை. அண்மையிலேயே ஒரு பேராலயத்தின் உருவமும் கீறப்பட்டுள்ளது. 1666ஆம் ஆண்டு இலண்டன் பெருந்தீயில் அழிந்த பழைய சென் போல்ஸ் பேராலயமே அஃது என்பர்.