சத்திரத்தில் இடம் கிடைக்காதவர்கள்

டிசம்பர் பிறந்தால் போதும், 'ஹோம் அலோன்' சிறுவன் டிவியில் திருடர்களுக்குப் பொறி வைக்கத் தொடங்கிவிடுவான். அது சலித்துப்போனவர்கள் 'டை ஹார்ட்' கிறிஸ்துமஸ் படமா இல்லையா என்று சண்டை போடுவார்கள். இப்போது அந்தச் சண்டையே ஒரு சடங்காகிவிட்டது. ஓரமாக ஒரு கிறிஸ்துமஸ் மரம் நின்றால் போதுமா? கிறிஸ்துமஸ் கதையின் அடியில் இருப்பது, நிறைமாதக் கர்ப்பிணிக்கு ஊருக்குள் ஒண்ட இடம் கிடைக்கவில்லை என்பதுதான். அதை மறக்காத இரண்டு படங்களை இங்கே சேர்த்துப் பார்க்கலாம். ஒன்று, சதோஷி கோன் 2003இல் எடுத்த ஜப்பானிய அனிமேஷன் படமான 'டோக்கியோ காட்ஃபாதர்ஸ்'. மற்றது, ஷான் பேக்கரின் 'டேஞ்சரின்', 2015இல் வந்த அமெரிக்கப் படம். இரண்டுமே கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளில் தொடங்குகின்றன. இரண்டிலும் ஊர் ஒதுக்கிவைத்தவர்களே நாயகர்கள். இரண்டின் நடுவிலும் திருநங்கைகள். ஆனால் அற்புதம் என்ற ஒரு விஷயத்தில் மட்டும் இவை முதுகு காட்டி நிற்கின்றன.

கோனின் படத்தில் மூன்று பேர்: குடிகாரர் கின், ஒரு காலத்தில் கிளப்பில் பாடிய திருநங்கை ஹானா, அப்பாவைக் கத்தியால் குத்திவிட்டு வீட்டை விட்டு ஓடிவந்த சிறுமி மியூகி. டோக்கியோ தெருவில் வாழும் இவர்களுக்குக் குப்பைக் குவியலில் ஒரு பச்சைக் குழந்தை கிடைக்கிறது. போலீஸில் ஒப்படைத்துவிடலாம் என்கிறார் கின். ஹானா விடுவதாயில்லை, பெற்றவளைக் கண்டுபிடித்து, ஏன் போட்டுவிட்டுப் போனாய் என்று நேருக்கு நேர் கேட்டாக வேண்டும். பீட்டர் கைன் 1913இல் எழுதிய 'மூன்று ஞானத்தந்தையர்' கதையின் தூரத்துச் சொந்தம் இது. அதில் கொள்ளைக்காரர்கள் மூவர் பாலைவனத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். ஜான் ஃபோர்டு 1948இல் ஜான் வெய்னை வைத்து அதைப் படமாக்கினார்.

குழந்தை கிடைத்த இடத்திலிருந்து கோன் தற்செயல்களை அவிழ்த்துவிடுகிறார். வழியில் யாகுசா என்னும் ஜப்பானிய ரவுடிக் கும்பலின் தலைவர் ஒருவர் தன் காருக்கு அடியிலேயே சிக்கிக் கிடக்கிறார். அவரைக் காப்பாற்றினால் குழந்தையைப் பற்றித் துப்பு கிடைக்கிறது. கின் எப்போதோ கைவிட்ட மகள் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக நிற்கிறாள். குழந்தைக்கு ஹானா வைத்த கியோகோ என்ற பெயரே அவளுக்கும். திரைக்கதை வகுப்பில் இப்படி எழுதிக் கொடுத்தால் வாத்தியார் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். கோனோ கூச்சமே இல்லாமல் அடுக்கிக்கொண்டு போகிறார், அதுவும் சிரித்துக்கொண்டே. அடிபட்டு சந்தில் கிடக்கும் கின் முன்னால் வெள்ளைச் சிறகோடு ஒரு தேவதை வந்து, என் மந்திரம் வேண்டுமா, ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று கேட்கிறது. ஆம்புலன்ஸ் போதும் என்கிறார் கின். தேவதை முகத்தைச் சுளிக்கிறது. அது ஹானா வேலை பார்த்த கிளப்பின் ஆட்டக்காரர், வேஷத்தைக் கலைக்காமல் தெருவுக்கு வந்தவர்! ஜப்பானில் கிறிஸ்துமஸ் அரசு விடுமுறைகூட இல்லை; கேக்கும் கேஎஃப்சி சிக்கனும் காதல் ஜோடிகளும்தான். பக்தியின் பாரம் இல்லாததால்தான் கோனால் கிறிஸ்துமஸ் கதையோடு இவ்வளவு உரிமையாக விளையாட முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

'டேஞ்சரின்' லாஸ் ஏஞ்சலஸின் வெயிலில் நடக்கிறது. 28 நாள் சிறையில் இருந்துவிட்டு வந்த சின்-டீயும் அவள் தோழி அலெக்ஸாண்ட்ராவும் ஒரே ஒரு டோநட்டைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். இருவரும் பாலியல் தொழில் செய்யும் திருநங்கைகள். காதலன் செஸ்டர் வேறொருத்தியோடு போய்விட்டான் என்று அலெக்ஸாண்ட்ரா வாய்தவறிச் சொல்ல, சின்-டீ அந்த வேறொருத்தியைத் தேடிப் பிடித்து, ஒற்றைச் செருப்போடு நகரம் முழுக்க இழுத்துக்கொண்டு அலைகிறாள். கிளைக்கதையில் ரஸ்மிக் என்ற ஆர்மீனிய டாக்ஸி டிரைவர், பண்டிகைச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு சின்-டீயைத் தேடி வருகிறார். இந்தப் படத்தில் தற்செயல் யாரையும் காப்பாற்றுவதில்லை. எல்லோரையும் ஒரே டோநட் கடைக்குள் கொண்டுவந்து மானத்தை வாங்குகிறது, அவ்வளவுதான். ரஸ்மிக்கின் மாமியார் அந்தக் கடைக்குள் நுழையும்போது சிரிப்பும் வருகிறது, வயிற்றைப் பிசையவும் செய்கிறது.

தொழில்நுட்பத்தில் ஒரு வேடிக்கை. வரைந்த படம்தான் நிஜத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது: குப்பைப் பைகள், பூங்காவின் நீலத் தார்ப்பாய்க் கூடாரங்கள், கல்லறையில் படைத்ததை எடுத்துச் சாப்பிடும் பசி. நிஜத் தெருவில் எடுத்த படமோ ஆரஞ்சு நிறத்தில் கனவுபோல் தகிக்கிறது. மூன்று ஐபோன் 5எஸ், அகலத்திரைக்கான சின்ன லென்ஸ், ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர். பேக்கரிடம் இருந்தது இவ்வளவே. கையில் காசில்லாததால் போனை எடுத்தவர், அந்த நிறத்தை வேண்டுமென்றே கூட்டினார். 'அனோரா'வுக்காக 2025இல் ஆஸ்கர்களை அள்ளிய அதே பேக்கர்தான்.

திருநங்கையைக் காட்டும் விதத்தில் பேக்கர் ஒரு படி மேலே நிற்கிறார். ஹானாதான் கோனின் படத்துக்கு உயிர். தாய்மைக்கு ஏங்கும் அவள் அழுகையை மறப்பது கடினம். ஆனாலும் அவள் முகம் அடிக்கடி கோணலாகிக் கேலிச்சித்திரமாகிவிடுகிறது. ஜப்பானிய மூலத்தில் குரல் கொடுத்தவர் ஆண் நடிகர். 2020இல் வந்த ஆங்கிலக் குரல்பதிவில்தான் ஷகினா நேஃபாக் என்ற திருநங்கைக் கலைஞர் பேசினார். 'டேஞ்சரின்' படத்தில் கிட்டானா கிகி ரோட்ரிகஸும் மியா டெய்லரும் தாங்களே திருநங்கைகள். அந்தத் தெருப் பேச்சைத் தெரிந்தவர்கள். அலெக்ஸாண்ட்ரா பாரில் பாடும் காட்சியைப் பாருங்கள். நாளெல்லாம் நோட்டீஸ் கொடுத்தும் ஆள் வரவில்லை, மேடைக்கு வாடகை கட்டியதே அவள்தான். ஆனால் பாட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. அந்த நடிப்புக்காக மியா டெய்லருக்கு ஸ்பிரிட் விருது கிடைத்தது.

முடிவுகளில்தான் இரண்டும் வெளிப்படையாகப் பிரிகின்றன. கோனின் படத்தில் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழும் குழந்தையை ஹானா பிடித்துக்கொள்ள, எங்கிருந்தோ வந்த காற்று இருவரையும் மெல்லத் தரையிறக்குகிறது. பேக்கரின் படத்தில் காரில் வந்த ஒருவன் சின்-டீயின் மேல் சிறுநீரை வீசிவிட்டுப் போகிறான். நனைந்த துணியும் விக்கும் சலவைக்கடை இயந்திரத்தில் சுழல, விக் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் தோழிக்கு அலெக்ஸாண்ட்ரா தன் விக்கைக் கழற்றி மாட்டிவிடுகிறாள். காற்றை நான் ரசித்தேன். விக்கை நம்பினேன்.

ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம்தான், ஒரே ராத்திரியில் பார்த்துவிடலாம். 'டேஞ்சரின்' வசனத்தில் பாதி கெட்ட வார்த்தை, அதனால் பிள்ளைகள் தூங்கிய பிறகு. அதையே முதலில் போடுங்கள். கோனை முதலில் பார்த்துவிட்டால், சலவைக்கடையில் உட்கார்ந்து ஓர் அற்புதத்துக்காகக் காத்திருப்பீர்கள். பேக்கர் அதைத் தர மாட்டார்.