வேட்டையில் விலங்கின் முகம்: செங்கம், அண்ணாமலை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

காட்டில் எதிர்ப்படும் விலங்கின் முகத்தைப் பார்த்து அதன் கருத்தை அறியும் பழக்கம் தமிழ் வேட்டை மரபில் எப்போது வந்தது? வேட்டைக்காரனுக்கு அது பிறவியிலேயே கைவந்த கலை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். திருவண்ணாமலை வட்டாரத்தின் சான்றுகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் அந்த நினைப்பு நிற்கவில்லை. இங்கே விலங்கு முதலில் காதால் அறியப்பட்டது, பிறகு நடையாலும் உடலாலும். அதன் முகம் கடைசியில்தான் வருகிறது. வேட்டை ஓய்ந்த இடங்களில் அது தெளிவாகத் தெரியத் தொடங்குகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்த வட்டாரத்துக்குப் பழைய சான்று கிடைத்திருப்பது நம் நல்வாய்ப்பு. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் நன்னன்சேய் நன்னன். அவனது செங்கண்மா இன்றைய செங்கம், அவனது நவிர மலை இன்றைய பர்வத மலை. பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் இந்தப் பாட்டில் காட்டு விலங்குகள் நிறைய வருகின்றன. ஆனால் பெரும்பாலும் ஒலியாக வருகின்றன. புலி பாய்ந்ததும் பிடி தன் கிளையோடு சேர்ந்து எழுப்பும் முழக்கம், பாறைப் பிளவில் குட்டியைத் தவறவிட்ட மந்தி கூட்டத்தோடு வைக்கும் ஓலம், முள்ளம்பன்றி தாக்கியதால் அழும் கானவரின் குரல், புலி கீறிய கணவனின் மார்புப் புண் ஆறக் கொடிச்சியர் பாடும் பாட்டு என்று மலையின் ஓசைகளை வரிசையாக அடுக்குகிறார் புலவர். மலையையே மதம் பொழியும் யானையாகக் கண்டதால்தான் பாட்டுக்கு இந்தப் பெயர். அந்த யானைக்கும் அவர் முகம் வரையவில்லை, ஒலியைத்தான் தருகிறார்.

இதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. அதே பாட்டில் கூத்தர்களுக்கு ஓர் எச்சரிக்கை வருகிறது. தினைப்புனத்தில் பன்றிக்காகப் பெருங்கல்லை நிறுத்திப் பொறி வைத்திருப்பார்கள், ஆகவே இருட்டில் போகாதீர்கள், விடிந்த பிறகு போங்கள் என்கிறது அது. யானையை விரட்டப் பரணிலிருந்து கவண்கல் வீசுவார்கள், மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போங்கள் என்றும் சொல்கிறது. கல்லுப்பொறி வைத்தவன் இரவில் குடிசையில் தூங்குகிறான். பன்றி மாட்டும் நேரத்தில் அதன் முகத்தை அவன் பார்ப்பதே இல்லை. கவண் எறிபவனுக்கும் யானை தொலைவில் அசையும் ஒரு கறுப்பு உருவம்தான். கண்ணி, பொறி, வலை, கவண் ஆகியவற்றை நம்பிய வேட்டையில் முகத்துக்கு வேலை இல்லை.

தமிழருக்கு முகக்குறி தெரியாது என்பதல்ல இதன் பொருள். திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பில் ஒன்றல்ல, இரண்டு அதிகாரங்கள் உள்ளன. ஒன்று பொருட்பாலில் அரசவைக்காக, இன்னொன்று காமத்துப்பாலில் காதலர்களுக்காக. இரண்டும் மனித முகத்தைப் பற்றியவை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் அப்படியே. அச்சம் பிறக்கும் நான்கு இடங்களை எண்ணும்போது அணங்கு, கள்வர், இறை என்பவற்றோடு விலங்கையும் தொல்காப்பியர் சேர்க்கிறார். விலங்கு அங்கே மனிதனின் மெய்ப்பாட்டுக்குக் காரணமாக நிற்கிறது, அதன் மெய்ப்பாடு பேசப்படவில்லை. முகம் படிக்கும் கோட்பாடு கையில் இருந்தும் அதைக் காட்டுக்குள் கொண்டுபோகவில்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

நடுகல்லும் நாயும்

தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் செங்கம் நடுகற்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டது. இவற்றில் பெரும்பாலானவை ஆநிரைப் பூசலில் இறந்தவர்களுக்கானவை. புலியோடு பொருது இறந்தவனுக்குக் கல் எடுக்கும் மரபும் வடதமிழகத்தில் இருந்தது. அத்தகைய கற்களில் வாய் பிளந்து பாயும் புலியின் முகம் மனிதனுக்கு ஒரு கை தூரத்தில் இருக்கும். ஆனால் அது ஒரு குறிப்பிட்ட புலியின் முகமாக இருப்பதில்லை. பாய்ச்சல் என்ற ஒரே செய்தியைச் சொல்ல அந்த வாய் போதும் என்று சிற்பி நினைத்திருக்கிறான்.

இந்தத் தொகுதியில் என்னை நிறுத்திவைத்தது எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமை நிரையைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவகத்தி என்பவனுக்கு எடுத்தது. வீரனின் அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்குத் தனிக் கல்வெட்டும் உண்டு. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றதாம். ஆளுக்கு இணையாக நாய்க்கும் பெயர் சொல்லிக் கல் வெட்டிய ஊர் அது.

வேடனும் இடையனும் உண்மையில் நாள் முழுதும் படித்த விலங்கு முகம் ஒன்று இருந்தது என்றால் அது நாயின் முகம்தான். புதருக்குள் இருப்பது உடும்பா பன்றியா, நெருங்கலாமா நிற்கலாமா என்பதை நாயின் காதும் மூக்கும் கழுத்து மயிரும் சொல்லிவிடும். காட்டு விலங்கைப் படிக்கும் வேலையை மனிதன் நாயிடம் விட்டுவிட்டு, நாயைப் படித்துக்கொண்டான். 2019இல் வெளிவந்த ஓர் உடற்கூற்று ஆய்வு, உட்புருவத்தை மேலே தூக்கும் தசை நாய்களில் நன்கு வளர்ந்திருப்பதையும், ஓநாய்களில் அது மெலிந்த இழைகளாகவே இருப்பதையும் காட்டியது. மனிதனோடு வாழ்ந்த காலத்தில் நாயின் முகமே நாம் படிப்பதற்கு ஏற்றபடி மாறியிருக்கிறது. காட்டு விலங்குக்கு நம்மிடம் முகம் காட்டவேண்டிய அவசியம் எதுவும் இருந்ததில்லை.

12ஆம் நூற்றாண்டில் நிலைமை சற்று மாறுகிறது. சேக்கிழார் கண்ணப்பரின் வேட்டையை விவரிக்கும் இடத்தில் வேடர்கள் எவற்றைத் தொடரமாட்டார்கள் என்று சொல்கிறார். செவி மடிந்த யானைக் கன்று, சிதறி ஓடும் சிறு குட்டிகள், அடி தளர்ந்து நடக்கும் சினை விலங்கு ஆகியவை விலக்கு. அம்பு விடுவதா வேண்டாமா என்பதை விலங்கின் உடல் தீர்மானிக்கும் இடம் இது. செவி மடிந்திருப்பது வயதைச் சொல்கிறது, அடி தளர்வது கருவைச் சொல்கிறது. இன்னும் கோபம், பயம், தயக்கம் போன்ற உள்ளக் குறிகள் வரவில்லை. ஆனால் பார்வை ஒலியிலிருந்து உருவத்துக்கு நகர்ந்துவிட்டது. (சேக்கிழார் அரசு அலுவலர், வேடர் அல்லர். ஆனாலும் இந்த விலக்குகள் காடறிந்தவர்களிடம் கேட்டு எழுதியவை போலத்தான் இருக்கின்றன.)

14ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட ஒய்சள மன்னன் மூன்றாம் வீரவல்லாளனின் குலச் சின்னமே விலங்கோடு பொரும் வீரன். அங்கும் விலங்கின் முகம் வெறும் அலங்காரம்தான்.

துப்பாக்கி கொண்டுவந்த முகம்

19ஆம் நூற்றாண்டில் விலங்கின் முகம் அறிவியலின் பொருளாகிறது. சார்லஸ் டார்வின் மனிதரிலும் விலங்கிலும் உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய நூலை 1872இல் வெளியிட்டார். அதில் யானை அழுமா என்ற கேள்விக்கு அவர் எடுத்துக்கொண்ட சான்று இலங்கையிலிருந்து வந்தது. அங்கே காலனிச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட், பிடிபட்டுக் கட்டுண்டு கிடந்த யானைகளின் கண்களில் நீர் வழிந்ததை எழுதியிருந்தார். இதைக் கவனிக்கவேண்டும். யானையின் முகத்தை ஐரோப்பிய அறிவியல் படித்தது அது காட்டில் நின்றபோது அல்ல, கட்டுண்டு கிடந்தபோது.

அதே காலத்தில் நம் ஊர் வேட்டைக்காரர்கள் பழைய வழியில்தான் இருந்தார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில், குருவிக்காரர் நரி ஊளையைப் போலவே ஊளையிட்டு நரியை அருகில் வரவழைத்துப் பிடிக்கும் முறை விவரிக்கப்பட்டிருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) ஓசூர், தருமபுரிப் பக்கத்துக் காடுகளில் அலைந்தவர். ஜவளகிரியில் ஆட்கொல்லிப் பெண்புலியை ஆண்புலியின் குரலை எழுப்பி வரவழைத்ததை அவரே எழுதியிருக்கிறார். மலைபடுகடாம் காலத்துக் காது 20ஆம் நூற்றாண்டிலும் வேலை செய்கிறது.

துப்பாக்கி வேட்டையில் முகம் வரும் அரிய இடம் ஒன்றுண்டு. 1930 ஏப்ரல் 11 அன்று குமாவுன் மலையில் ஜிம் கார்பெட் ஒரு பாறையைச் சுற்றித் திரும்பினார். இடது கையில் பக்கிக்குருவியின் இரண்டு முட்டைகள், வலது கையில் துப்பாக்கி. சுமார் எட்டடி தூரத்தில் 64 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சௌகர் பெண்புலி அவரை நேராகப் பார்த்துப் படுத்திருந்தது. அதன் முகத்தில் நெடுநாள் கழித்து வீடு திரும்பும் எசமானை வரவேற்கும் நாயின் சிரிப்பைப் போன்ற ஒன்றைக் கண்டதாக அவர் எழுதுகிறார். உலக வேட்டை இலக்கியத்தில் இதைவிட நெருக்கமான முகப்பதிவு குறைவு. ஆனால் கார்பெட்டும் அந்த முகத்தைப் படிக்கத் துணைக்கு அழைத்தது நாயைத்தான். புலியின் சிரிப்பு என்று ஒன்று இருப்பதாக எனக்கு நம்பிக்கை இல்லை. வாசனை பிடிக்கும்போது புலி உதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டும், அது மனிதக் கண்ணுக்குச் சிரிப்பாகவோ சீற்றமாகவோ தெரியும். தாக்க நினைக்கும் புலியின் குறி வாயைவிடக் காதில் தெளிவாக இருக்கிறது. காது திரும்பி, பின்புறத்து வெள்ளைப் புள்ளி முன்னால் இருப்பவனுக்குத் தெரிந்தால் விலகிவிட வேண்டும். கார்பெட் கண்ட முகம் பாய்வதற்கு முந்தைய முகமா, ஒன்றும் நினையாத முகமா என்பதை அந்தப் புலியிடம் சரிபார்க்க வழியில்லை. அவர் அதைச் சுட்டுவிட்டார். வேட்டைக்காரனின் முகப்படிப்பு எப்போதும் இந்த இடத்தில் முடிந்துபோகிறது. ஒரு முகத்தை அவன் ஒருமுறைதான் பார்க்கிறான்.

விருபாட்ச குகை

திரும்பத் திரும்பப் பார்த்தவர் அண்ணாமலையிலேயே இருந்தார். 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்த ரமணர் 1899 முதல் 1916 வரை விருபாட்ச குகையிலும், பிறகு 1922 வரை ஸ்கந்தாசிரமத்திலும் இருந்தார். இருபதாண்டுக்கும் மேலாக ஒரே சரிவில், ஆயுதமில்லாமல், ஒரே குரங்குக் கூட்டங்களின் நடுவே உட்கார்ந்திருந்தவர் அவர். கூட்டத் தலைவனிடம் கடிபட்டுக் கிடந்த ஒரு குட்டியை எடுத்து வளர்த்தார். நொண்டி என்று பெயர் பெற்ற அது பிறகு தன் கூட்டத்துக்குத் திரும்பிப் போய்த் தலைவனும் ஆனது. கூட்டங்களுக்கிடையே எல்லைச் சண்டை வரும்போது எது எந்தக் கூட்டம், எந்தக் குரங்கு எதற்கு அடங்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததை அடியார்களின் குறிப்புகள் பதிவு செய்கின்றன. இந்தக் குறிப்புகளைப் பக்திக் கதைகள் என்று ஆய்வாளர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது சரியென்று படவில்லை. ஒரே கூட்டத்தைத் தனித்தனி ஆட்களாக அடையாளம் கண்டு பல ஆண்டு பார்ப்பதுதான் பின்னாளில் விலங்கு நடத்தை ஆய்வின் அடிப்படை முறையாக ஆனது.

அந்த அறிவியல் தென்னிந்தியாவுக்கு வந்தபோது எடுத்துக்கொண்டதும் அதே நாட்டுக்குரங்கைத்தான். ரகுமான், பார்த்தசாரதி இருவரும் நாட்டுக்குரங்கின் வெளிப்பாட்டு அசைவுகளைப் பற்றி 1968இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வாயை வட்டமாகத் திறந்து முறைப்பது மிரட்டல், உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டுவது அடங்கல், உதட்டைச் சப்புக்கொட்டுவது இணக்கம் என்று குரங்கின் முகத்துக்கு ஓர் அகராதி உருவானது. நான்கு ஆண்டு கழித்து, 1972இல், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முகத்தை நின்று நிதானமாகப் படிக்கும் காலமும் வேட்டையைச் சட்டம் கட்டுப்படுத்திய காலமும் ஒன்றாக வந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் முன்னது வளரப் பின்னது இடம் கொடுத்தது.

குரங்கும் தன் பகையின் முகத்தைப் படிக்கிறதா என்று கேட்டவர்களும் உண்டு. ரிச்சர்ட் காஸ், உமா ராமகிருஷ்ணன் குழுவினர் தமிழகக் காடுகளில் சிறுத்தை உருமாதிரிகளை மறைவிலிருந்து காட்டி நாட்டுக்குரங்குகளைச் சோதித்தார்கள். 2005இல் வந்த அவர்களின் கட்டுரைப்படி, குரங்குகள் சிறுத்தையை அடையாளம் காண அதன் புள்ளித் தோல் பெரிதும் உதவுகிறது. உயிர் பிழைக்கவேண்டியவனுக்கும் முகம்தான் முதல் குறி என்று சொல்வதற்கில்லை. விலங்கு மனித முகத்தைப் படிக்கும் என்று நம்பியும் ஒரு முயற்சி நடந்தது: சுந்தரவனத்தில் 1986 முதல் வனத்துறையினர் தொழிலாளர்களுக்குப் பிடரியில் மாட்டிக்கொள்ள மனித முகமூடி கொடுத்தார்கள். பின்னாலிருந்து தாக்கும் புலி, முகம் தன்னைப் பார்ப்பதாக நினைத்துத் தயங்கும் என்பது கணக்கு. சில காலம் பலித்தது.

அண்ணாமலை வட்டாரத்தில் காட்டு யானையின் முகத்தைத் தொழிலாகப் படித்த கடைசிப் பெரிய நிகழ்ச்சி 2013 ஆகஸ்டில் நடந்தது. சவ்வாது மலைப் பக்கம் தங்கிவிட்ட ஆறு யானைகளைத் திருவண்ணாமலை மாவட்டத்தில் மயக்க ஊசி போட்டு, கும்கிகளை (பழக்கிய யானைகளை) வைத்துப் பிடித்தார்கள். இத்தகைய வேலையில் பாகனும் கால்நடை மருத்துவரும் கண்ணுக்கும் காதுக்கும் இடையே மதநீர் வழிகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். ஊசி போட்ட பிறகு காது விசிறுவது நிற்கிறதா, தும்பிக்கை தளர்ந்து தொங்குகிறதா என்று பார்ப்பார்கள். காது நின்றால்தான் கும்கி நெருங்கும். முகத்தைப் படிப்பது இங்கே கொல்வதற்கு அல்ல, உயிரோடு கொண்டுபோவதற்கு.

குரங்கு முகத்தின் அகராதியில் ஒரு பக்கத்தையாவது பௌர்ணமிக்கு அண்ணாமலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பல்லைக் காட்டும் நாட்டுக்குரங்கு சிரிக்கவில்லை, உங்களிடம் பயப்படுகிறது. வாயை வட்டமாகத் திறந்து உங்களையே முறைத்தால் மிரட்டுகிறது. இரண்டு வேளையிலும் செல்போனை நீட்டாதீர்கள், கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள், கையிலிருக்கும் வாழைப்பழத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நடந்துவிடுங்கள்.