குமுளி மலையும் ஒரு டார்க் கன்வர்ட்டரும்



மலர்க்குழு நண்பர் போன் செய்து கட்டுரை கேட்டபோது, "ஹாஸ்டல் சாம்பார், கட் அடிச்ச சினிமா எல்லாத்தையும் மத்தவங்க எழுதிட்டாங்கப்பா. நீ இத்தனை வருசமா வண்டிக்கு அடியில படுத்துக் கிடந்தவன். அதைப் பத்தி எழுது" என்றார். இயற்பியல் படித்த அடியேன், பின்னாளில் ஷார்ஜாவில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பிரித்து மாட்டும் வேலையில் இருந்தேன். ஆகவே, எனக்குச் சோறு போட்ட ஒரு சாமானின் வரலாற்றையே எழுதுகிறேன். அதன் பெயர் டார்க் கன்வர்ட்டர்.

இரண்டு மின்விசிறிகள்

எங்கள் பேராசிரியர் ஒருநாள் வகுப்பில் இரண்டு டேபிள் ஃபேன்களை எதிரெதிரே வைத்தார். ஒன்றுக்கு மட்டும்தான் கரண்ட். அது சுற்ற ஆரம்பித்ததும், கரண்ட் இல்லாத மற்றதும் மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. "நடுவுல என்ன இருக்கு? ஒண்ணுமில்ல, காத்துதான். ஆனா சக்தி போயிருச்சு பாத்தீங்களா?" என்றார். அதை ஒரு வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துவிட்டு கேன்டீனுக்குப் போனவர்கள் நாங்கள்.

காற்றுக்குப் பதில் எண்ணெய், ஃபேன்களுக்குப் பதில் ஒரே கூட்டுக்குள் முகத்தோடு முகம் வைத்த இரண்டு இறக்கைச் சக்கரங்கள். ஆட்டோமேட்டிக் காரின் அடிப்படை அவ்வளவுதான். இன்ஜின் சுற்றும் சக்கரத்துக்குப் பெயர் பம்பு. கியர்பாக்ஸைச் சுற்றும் சக்கரம் டர்பைன். நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. லோயர் கேம்ப் போனால், பெரியாற்றுத் தண்ணீர் மலையிலிருந்து ராட்சதக் குழாய்களில் இறங்கி டர்பைனைச் சுற்றுவதை 1950களின் இறுதியிலிருந்து பார்க்கிறோம். தோட்டத்துக் கிணற்றில் பம்பு. இந்த இரண்டையும் ஒரு குடத்துக்குள் அடைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தவர்தான் ஹெர்மன் ஃபொட்டிங்கர்.

கப்பலில் பிறந்தது

ஃபொட்டிங்கர், ஸ்டெட்டின் நகரத்து வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் பணியாற்றிய ஜெர்மானியப் பொறியாளர். அன்றைய பிரச்சினை, நீராவி டர்பைன் மிக வேகமாகச் சுற்றும். கப்பலின் புரொப்பெல்லரோ மெதுவாகச் சுற்றினால்தான் தண்ணீரைத் தள்ளும். நடுவில் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்ட ஏதாவது வேண்டும். 1905-ல் அவர் காப்புரிமை கோரிய வழியில், பம்புக்கும் டர்பைனுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு சக்கரம் இருந்தது. அதுதான் ஸ்டேட்டர்.

இந்த மூன்றாவது சக்கரம்தான் சூட்சுமம். டர்பைனை அடித்துவிட்டுத் திரும்பும் எண்ணெய், பம்பு சுற்றும் திசைக்கு எதிராக வந்து மோதும். ஸ்டேட்டரின் இறக்கைகள் அதைத் திருப்பி, பம்புக்கு உதவுகிற திசையில் அனுப்புகின்றன. இதனால் வண்டி நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது, இன்ஜின் தரும் முறுக்குவிசை ஏறக்குறைய 2 மடங்காகிறது. ஆனால் வண்டி வேகம் பிடித்தபின் அதே ஸ்டேட்டர் எண்ணெய்க்குக் குறுக்கே நிற்கும். இதற்கு 1920களின் இறுதியில் கார்ல்ஸ்ருவேயில் உருவான ட்ரைலோக் அமைப்பு தீர்வு கண்டது. சைக்கிளின் ஃப்ரீவீல் போல ஸ்டேட்டரை ஒரு பக்கமாக மட்டும் சுழல விட்டுவிட்டார்கள்.

அமெரிக்காவில் 1939-ல் வந்த ஹைட்ராமேட்டிக் கியர்பாக்ஸில் ஸ்டேட்டர் கிடையாது. வெறும் இரட்டைச் சக்கரம்தான். 1948 மாடல் ப்யூக்கின் டைனாஃப்ளோதான் டார்க் கன்வர்ட்டரைப் பெருவாரியாகக் காருக்குள் கொண்டுவந்தது. வெண்ணெய் போல ஓடும், ஆனால் சோம்பேறி, பெட்ரோலையும் குடிக்கும். காரணம் வழுக்கல். பம்பு 100 சுற்று சுற்றினால் டர்பைன் 100 சுற்றாது. அந்த வித்தியாசம் முழுக்கச் சூடாகி எண்ணெயில் சேரும். 1949-ல் பேக்கர்டு கம்பெனி, வேகம் பிடித்ததும் பம்பையும் டர்பைனையும் ஒரு கிளட்ச்சால் சேர்த்துப் பூட்டும் லாக்-அப் முறையைக் கொண்டுவந்தது. செலவு என்று அதைப் பலர் ஒதுக்கினார்கள். 1973 எண்ணெய் நெருக்கடி வந்தபின்தான் எல்லோருக்கும் ஞானோதயம். 1978-ல் கிரைஸ்லர் லாக்-அப்பைத் திரும்பக் கொண்டுவர, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள்.

பந்தயக்காரர்களின் கைவரிசை

இதற்கிடையில் கால் மைல் நேர்ப்பந்தயம் ஓட்டும் இளைஞர்கள் வேறொன்றைக் கண்டுபிடித்தார்கள். பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவைத்து ஆக்ஸிலரேட்டரை முழுக்க அமுக்கினால், இன்ஜின் ஒரு குறிப்பிட்ட சுற்றுக்கு மேல் ஏறாது. அதற்கு ஸ்டால் ஸ்பீடு என்று பெயர். சாதாரணக் காரில் இது 2,000 ஆர்.பி.எம். அருகில் இருக்கும். பந்தய இன்ஜினுக்கு உயிர் வருவதே 3,000-க்கு மேல்தான். ஆகவே விட்டம் குறைந்த கன்வர்ட்டரைப் போட்டால் ஸ்டால் ஸ்பீடு ஏறும்; கொடி விழுந்ததும் வண்டி புலி மாதிரிப் பாயும். நான்கு சிலிண்டர் சின்னக் காரின் கன்வர்ட்டரைக் கழற்றி வி-8 காரில் மாட்டியவர்களும் உண்டு. கன்வர்ட்டர் அப்கிரேடு என்ற தொழிலே இப்படித்தான் வளர்ந்தது.

நான் சூடுபட்ட கதை

1998-ல் ஒரு வாடிக்கையாளர் தன் அமெரிக்க வி-8 காருக்கு "பாயுற மாதிரி" கன்வர்ட்டர் கேட்டார். எனக்கோ உற்சாகம். 3,500 ஸ்டால் உள்ளதை நானே தேர்ந்தெடுத்து மாட்டினேன். நேர்ச்சாலையில் ஓட்டிப் பார்த்தால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. வாடிக்கையாளர் கையில் பக்ஷீஸ் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு வாரத்தில் கார் ரெக்கவரி லாரியின் முதுகில் திரும்பி வந்தது. ஆயில் கறுத்து, கியர்பாக்ஸ் உள்ளே பொரிந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை நாலு பேரை ஏற்றிக்கொண்டு, அல் ஐன் அருகே ஜெபல் ஹஃபீத் மலையில் ஏறியிருக்கிறார். சுமார் 12 கிலோமீட்டர், 60 வளைவு, கோடை வெயில். வளைவுக்கு வளைவு வேகம் குறைந்து கீழ் கியரில் ஏறுகிறது வண்டி. அந்தக் காரில் லாக்-அப் பூட்டுவதோ மேல் கியர்களில் மட்டும். ஆக, ஏற்றம் முழுக்க எண்ணெய் வழுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. 90 டிகிரியைச் சுற்றி இருக்க வேண்டிய ஆயில் கொதித்துப் பாழாகிவிட்டது.

ஆயில் பானைக் கழற்றியதும் வந்த வாடை எனக்குப் பழக்கமான வாடை. என் மாமா ஏலத்தோட்டத்து ஜீப் டிரைவர். கம்பத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டிலும் குமுளி மலையிலும் ஏறுவார். வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட நிற்கும்போது, புது டிரைவர்கள் ஆக்ஸிலரேட்டரையும் கிளட்ச்சையும் பாதிப் பாதி மிதித்தே வண்டியை நிறுத்துவார்கள். பிளேட் கருகி வாடை கிளம்பும். மாமா கத்துவார்: "கிளட்ச்சுல நிக்காதடா, ஹேண்ட்பிரேக்குல நில்லு! பிளேட்டு என்ன உங்கப்பன் வீட்டுதா?" அரைக் கிளட்ச்சில் நிற்பதும் எண்ணெய் வழுக்குவதும் ஒரே பாவம்தான். ஒன்றில் பிளேட் சாகும், இன்னொன்றில் ஆயில் சாகும்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பின் தலைமை மெக்கானிக், கோட்டயத்துக்காரர். என்னைத் திட்டவில்லை. "நீ மலையடிவாரத்துக்காரன்தானே? வண்டியை எங்கே ஓட்டுவீங்கன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார். அவ்வளவுதான். சேதத்தில் ஒரு பங்கு ஆறு மாதம் என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அந்தக் கேள்வியோ, நான் வேலையை விட்டு வரும்வரை கூடவே இருந்தது.

பிறகு அதே காருக்கு 2,400 ஸ்டால் கன்வர்ட்டர் போட்டோம். ரேடியேட்டர் முன்னால் தனியாகப் பெரிய ஆயில் கூலர் வைத்தோம். கீழ் கியரிலும் லாக்-அப் பூட்டும்படி ஒரு சுவிட்ச் கொடுத்தோம். பாய்ச்சல் சற்றுக் குறைந்தது, மலை ஏறியது.

சூரி என்றொரு இந்தியர்

இந்தப் படிப்பினைக்குப் பிறகு பழைய புத்தகங்களைத் தேடிப் படித்தபோதுதான் ஒரு பெயர் கண்ணில் பட்டது. எம். எம். சூரி, இந்திய ரயில்வேயின் பொறியாளர். டீசல் இன்ஜின் ரயிலை இழுக்கும்போதும் இதே தொல்லைதான்: கிளம்பும்போது கன்வர்ட்டர் வேண்டும், ஓடும்போது அதே கன்வர்ட்டர் சக்தியைத் தின்னும். நேரடி இணைப்புக்கு மாறலாம் என்றால், மாறுகிற கணத்தில் இழுவை அறுந்து ரயில் குலுங்கும். கிளம்பும்போது எண்ணெய் வழியாகவும், வேகம் பிடித்ததும் நேரடியாகவும், நடுவில் இழுவை அறுபடாமலும் சக்தியைக் கடத்தும் முறையை அவர் உருவாக்கினார். அதற்கு சூரி டிரான்ஸ்மிஷன் என்றே பெயர். 1962-ல் பொறியியலுக்கான பட்நாகர் விருது அவருக்குக் கிடைத்தது. சித்தரஞ்சனில் தயாரான ஷண்டிங் இன்ஜின்களில் அந்த டிரான்ஸ்மிஷன் ஓடியது. பின்னர் அவர் துர்காபூர் மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநரானார். அங்கே உருவானதுதான் நம் வயல்களில் உழும் ஸ்வராஜ் டிராக்டர்.

ஃபொட்டிங்கரைப் புத்தகத்தில் படித்தோம். சூரியை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பேராசிரியர் மேல் குறையில்லை. அவர் கையில் இருந்த புத்தகத்திலும் அந்தப் பெயர் இல்லை. இது எனக்கு இன்றுவரை உறுத்தல்.

இன்று

1990களில் மாருதி ஜென்னில் ஆட்டோமேட்டிக் வந்தபோது, "கிளட்ச் இல்லாத வண்டி மலையேறுமா?" என்று நம் ஊரில் சிரித்தார்கள். இன்று கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போடிமெட்டுக்கு ஆட்டோமேட்டிக் கார்கள் சர்வசாதாரணமாக ஏறுகின்றன. இவற்றில் சிலவற்றில் கன்வர்ட்டரே கிடையாது. 2014-ல் செலேரியோவில் வந்த ஏ.எம்.டி. முறையில், நம் காலுக்குப் பதிலாக ஒரு சிறு கருவி கிளட்ச்சை மிதிக்கிறது. அந்த வண்டியை ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரால் பிடித்து நிறுத்தினால் மாமாவின் திட்டு அதற்கும் பொருந்தும். கன்வர்ட்டர் உள்ள வண்டிகளிலோ, கிளம்பிய சற்று நேரத்திலேயே, கீழ் கியரிலேயே லாக்-அப் பூட்டிக்கொள்கிறது. 1949-ல் பேக்கர்டும் பிறகு சூரியும் பிடித்த நூலின் நுனிதான் அது.

தம்பி தங்கைகளே, உங்களில் சிலர் காரில் எதையாவது கூட்ட ஆசைப்படுவீர்கள். கூட்டுங்கள், தவறில்லை. அதற்கு முன் அந்தக் கோட்டயத்து அண்ணன் கேட்டதை உங்களிடமே கேளுங்கள்: வண்டி எங்கே ஓடப்போகிறது? தேனி பைபாஸில் நன்றாக இருப்பது குமுளி மலையில் நன்றாக இருக்காது.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். இயற்பியல் துறைக்கு இரண்டு டேபிள் ஃபேன்களும், வெட்டித் திறந்த ஒரு பழைய டார்க் கன்வர்ட்டரும் நான் தருகிறேன். பக்கத்தில் ஃபொட்டிங்கர் பெயரோடு சூரியின் பெயரையும் எழுதி வைக்க அனுமதி தாருங்கள். ஃபேன் சுற்றும்போது சிரித்துவிட்டு கேன்டீனுக்குப் போகிறவர்கள் போகட்டும். ஒருவராவது நின்று, உள்ளே எட்டிப் பார்ப்பார்.