‘இடமில்லை’ என்ற பதிலுக்குப் பிறகு

மெரினாவுக்கு எதிரே நிற்கும் விவேகானந்தர் இல்லத்தைச் சென்னைவாசிகள் பலர் இன்றும் ஐஸ்ஹவுஸ் என்றுதான் சொல்கிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்க 1842இல் கட்டியது. 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். நகரத்தைப் பற்றிய நூல்கள் இவ்விரண்டையும் தவறாமல் சொல்லும். இரண்டுக்கும் பிறகு அதே கூடங்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கைம்பெண் சிறுமிகள் தங்கிப் படித்தார்கள் என்பது பல நூல்களில் ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது.

உதவும் இல்லங்களின் வரலாற்றை எழுத நம்மிடம் ஒரு பழகிய முறை இருக்கிறது. நிறுவியவரின் பெயர், தொடங்கிய ஆண்டு, அடிக்கல் நாட்டிய கவர்னரின் மனைவி, பயனடைந்தோர் எண்ணிக்கை. ஆண்டு மலர்கள் இப்படித்தான் இருக்கும். நான் இந்த வரலாற்றை வாசலிலிருந்து படிக்க விரும்புகிறேன். யாரை எந்த வாசலில் ‘இடமில்லை’ என்று திருப்பி அனுப்பினார்கள்? திருப்பி அனுப்பப்பட்டவளுக்காக யார் இன்னொரு வாசலைத் திறந்தார்கள்? அப்படித் திறந்த வாசல் அடுத்து யாரைத் தடுத்தது? சென்னையின் பெண்கள் இல்லங்களை இந்தக் கேள்விகளோடு வரிசையாக வைத்துப் பார்த்தால் நன்கொடையாளர்களின் பட்டியலில் காணாத ஒரு தொடர்ச்சி தெரிகிறது.

சகோதரி சுப்பலட்சுமி 1886இல் பிறந்தவர். பதினோரு வயதில் மணமாகி, வெகு சீக்கிரம் கணவனை இழந்தார். அவருடைய தந்தை மற்ற தந்தையர் செய்ததைச் செய்யவில்லை. மகளைப் படிக்க வைத்தார். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றபோது, சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரிகளில் ஒருவராக அவர் இருந்தார். அடுத்த ஆண்டு எழும்பூரில், தன் குடும்பத்தோடு இருந்த வீட்டிலேயே நான்கு இளம் கைம்பெண்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்கியதுதான் பிறகு ஐஸ்ஹவுஸ் வரை வளர்ந்தது. அவருக்குத் துணையாக நின்ற சித்தி வாலாம்பாளும் கைம்பெண். இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தவர் இந்தச் சித்திதான். பட்டமும் பதவியும் இல்லாமல், சமையலறையையும் பிள்ளைகளையும் கட்டிக் காத்தவர்களுக்கு நம் வரலாற்று நூல்கள் இடமே வைப்பதில்லை.

1917இல் அரசு அந்தக் கட்டடத்தை விலைக்கு வாங்கியது. அரசுக்கு இதில் வந்த அக்கறை வெறும் கருணை அல்ல. பெண் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் வேண்டியிருந்தது. ஆசாரக் குடும்பங்கள் தம் பெண்களை ஆண்களிடமோ கிறித்தவ மிஷன்காரர்களிடமோ படிக்க அனுப்பத் தயங்கின. மணவாழ்க்கை இனி இல்லை என்று வீடு கைகழுவிவிட்ட பிராமணக் கைம்பெண் ஆசிரியையானால் இரண்டு சிக்கலும் தீரும். பள்ளி ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் இதைப் புரிந்துகொண்டு சுப்பலட்சுமிக்கு உறுதுணையாக இருந்தார். வீட்டின் பின்கட்டில் ஒருவேளைச் சோற்றுக்கும் ஏச்சுக்கும் உரியவளாக இருந்த சிறுமி, மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியையாக வெளியே வந்தாள். 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது சுப்பலட்சுமியே அதன் முதல்வரானார்.

இதற்கு ஒரு விலை இருந்தது. அந்த இல்லம் பிராமணக் கைம்பெண்களுக்கானது. சமையலறை ஆசாரத்தைக் காத்தது. மறுமணத்தை அவர் முன்னிறுத்தவில்லை. ஊரின் எதிர்ப்பைச் சமாளிக்க அவர் கண்ட வழி அது என்று ஆய்வாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆசாரத்தோடு நேரடியாக மோதியிருந்தால் எந்தத் தகப்பனும் மகளை அனுப்பியிருக்க மாட்டான். இருந்தாலும், கணவனை இழந்த வேறு சாதிச் சிறுமி அந்தக் கடற்கரைச் சாலையில் நின்றிருந்தால் அவள் எங்கே போயிருப்பாள் என்று கேட்காமல் இந்தப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

சுப்பலட்சுமி பிறந்த அதே 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். முத்துலட்சுமி 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டு அதன் துணைத் தலைவரானார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். அந்தப் போராட்டத்தின் செய்தி கேட்டு, அந்த வாழ்க்கையிலிருந்து தப்பி வந்த இளம்பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களை நகரின் விடுதிகளில் சேர்க்க முயன்றார். விடுதிகள் மறுத்தன. பிறப்பைக் கேட்டதும் இடம் இல்லாமல் போய்விட்டது. அவர்களைத் தம் வீட்டிலேயே தங்க வைத்ததிலிருந்துதான் 1930களின் தொடக்கத்தில் ஔவை இல்லம் உருவாயிற்று. சாதி கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் இல்லமாக அது பிறகு அடையாற்றில் வேர்விட்டது.

சட்டத்தால் ஒரு வழக்கத்தைத் தடை செய்துவிடலாம். தடை செய்த மறுநாள் அந்தப் பெண் எங்கே படுத்து உறங்குவாள் என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. முத்துலட்சுமிக்கு இது தெரிந்திருந்தது.

ஆனால் அவரைப் பற்றிப் பேசும்போது இன்னொரு குரலையும் கேட்க வேண்டும். பெங்களூரு நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிப் பெண்கள் அந்த மசோதாவை எதிர்த்து அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். தங்களிடம் சொத்துரிமை இருக்கிறது, கலை இருக்கிறது, எல்லாரையும் ஒரே சொல்லால் இழிவுபடுத்தாதீர்கள் என்பது அவர்களின் வாதம். பாதுகாக்கப்பட வேண்டியவள் யார் என்பதை யார் முடிவு செய்வது என்ற கேள்வி அங்கே பிறந்தது. இன்றைய மீட்பு இல்லங்கள் வரை அது தொடர்கிறது. இடைக்குறிப்பாக ஒன்று: 1936இல் கலாக்ஷேத்திரா தொடங்கப்பட்டதும் அடையாற்றில்தான். அம்மாக்கள் ஆடிய ஆட்டத்தை விட்டு மகள்கள் ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் மாறிக்கொண்டிருந்த அதே பகுதியில், வேறு வீட்டுப் பெண்கள் அந்த ஆட்டத்தைக் கற்கத் தொடங்கினார்கள்.

துர்காபாயின் கதையும் ஒரு மறுப்பில்தான் தொடங்குகிறது. எட்டு வயதில் மணமாகி, பின்னர் அந்த மண உறவிலிருந்து விலகியவர் அவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று திரும்பி ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் படிக்க விரும்பியபோது, பெண்களுக்கு விடுதி இல்லை என்ற பதில் கிடைத்தது. பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். அவரைப் போலவே படிக்க ஆசைப்பட்டு, தங்க இடமில்லாமல் இருந்த பெண்கள் எழுதினார்கள். அவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு விடுதியைத் தாமே நடத்தினார்; பல்கலைக்கழகத்திடம் சொல்ல வேறு காரணம் மிச்சமிருக்கவில்லை. சென்னையில் 1937இல் அவர் தொடங்கிய ஆந்திர மகிளா சபா, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பெண்களைக் குறுகிய காலத்தில் தேர்வுக்குத் தயார் செய்தது. பின்னர் அவர் மத்திய சமூகநல வாரியத்தின் தலைவரானபோது, வயது வந்த பெண்களுக்கான அந்தச் சுருக்கப் படிப்பு நாடு முழுவதற்குமான திட்டமாயிற்று. கணவனால் கைவிடப்பட்ட எத்தனையோ பெண்கள் ஆசிரியையாகவும் கிராம சேவிகாவாகவும் ஆனதற்குப் பின்னால் இந்தப் பாதை இருக்கிறது.

விடுதலைக்குப் பிறகு சமூகப் பணி ஒரு படிப்பாகவும் தொழிலாகவும் ஆனது. மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியில் 1952இல் சென்னை சமூகப் பணிப் பள்ளி வந்தது. இந்திய மாதர் சங்கத்தின் நிதியில் முத்துலட்சுமி முன்னின்று தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு திறந்தது. இவை பெரிய கதைகள். தனியே எழுதப்பட வேண்டியவை.

இதுவரை சொன்னவை எல்லாம் கூரையுள்ள உதவிகள். படித்த, பெரும்பாலும் வசதியான பெண்கள் மேலிருந்து திறந்துவிட்ட வாசல்கள். தெருவில் கூடை வைத்து விற்ற பெண்ணுக்கு வேறு வாசலில் ‘இல்லை’ என்றார்கள்: வங்கியின் வாசலில். ஈடு கேட்டார்கள், ஜாமீன்தாரர் கேட்டார்கள். இரண்டும் இல்லாதவள் தண்டல்காரரிடம் போனாள். காலையில் 90 ரூபாய் வாங்கி மாலையில் 100 ரூபாயாகத் திருப்பிக் கொடுக்கும் கடனில் இட்லிக் கடையும் பூக்கடையும் மீன் கூடையும் ஓடின. ஜெயா அருணாசலம் 1978இல் தொடங்கிய உழைக்கும் பெண்கள் அமைப்பு இந்தப் பெண்களைப் பத்து இருபது பேர் கொண்ட அண்டைவீட்டுக் குழுக்களாகச் சேர்த்தது. ஒருத்திக்கு மற்றவர்கள் ஜாமீன். தேசிய வங்கிகளில் ஏழைகளுக்கென்று 4 சதவீத வட்டிக் கடன் ஏட்டில் இருந்தது. அதை வாங்கித் தந்தது இந்தக் குழுவின் சொல். வங்கியின் தாமதமும் எரிச்சலும் போதும் என்று 1981இல் தமக்கென ஒரு கூட்டுறவுச் சங்கத்தையே அமைத்துக்கொண்டார்கள்.

தெருக்குழாயடியில் ஏற்கெனவே இருந்த உறவைத்தான் அவர்கள் ஜாமீனாக மாற்றினார்கள். யார் நாணயமானவள், யாருடைய புருஷன் குடிகாரன், யார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வங்கி மேலாளருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும். 1990களின் இறுதியில் மகளிர் திட்டம் வந்து சுயஉதவிக் குழுக்கள் ஊர்தோறும் பரவியபோதும் அடிப்படை இதுதான். பிறகு தனியார் நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. ஒருத்தி தவணை கட்டவில்லையென்றால் கட்டும்வரை மற்றவர்கள் எழுந்து போகக் கூடாது என்று உட்கார வைத்தார்கள். தோழிக்கு ஜாமீன் நின்றவள், தோழியைக் கடிந்து வசூலிப்பவளானாள். ஒரே வடிவம் எதிரெதிரான இரண்டு வேலைகளைச் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியவில்லை.

குடிசைப் பகுதிகளில் வீட்டுமனைக்காகப் போராடிய பெண்ணுரிமை இயக்கமும் இதே காலத்தது; 1979இல் தொடங்கியது. வீடு என்றால் நான்கு சுவர் மட்டுமல்ல என்பதை அவர்கள் தொடர்ந்து சொல்லிவந்தார்கள். 2000இல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் தெற்கு ஓரத்துக்கு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாற்றப்பட்டன. அடுக்குமாடி கிடைத்தது. வீட்டு வேலைக்குப் போன பெண், விடிகாலையில் பேருந்து ஏற வேண்டியதாயிற்று. அவள் திரும்பும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு ஆயா வேறு பிளாக்கில், வேறு மாடியில். எந்தத் துறையின் கணக்கிலும் வராத ஒரு குழந்தைக் காப்பகம் அப்படி மூடப்பட்டது.

1992 சென்னைக்கு ஒரு குறிப்பான ஆண்டு. ஆயிரம்விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தது. அடுத்த ஆண்டு இரண்டு இளம்பெண்கள் பான்யன் என்ற இல்லத்தைத் தொடங்கினார்கள். வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தங்கள் கல்லூரிக்கு அருகே, மனநலம் குன்றி ஆதரவின்றி அலைந்த ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். அவளைச் சேர்க்க இடம் தேடினார்கள். பெண்கள் இல்லங்கள் பலவும் இருந்த நகரம் இது. அவளுக்கு இடம் இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் முத்துலட்சுமி செய்ததையே அவர்களும் செய்தார்கள். வாடகைக்கு ஒரு வீடு பிடித்தார்கள்.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, 2001இல், பிசிவிசி என்ற அமைப்பு வன்முறைக்குள்ளான பெண்களுக்காகத் தொடங்கப்பட்டது. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் கிடந்த பெண்களோடும் அது வேலை செய்தது. ‘ஸ்டவ் வெடித்தது’ என்று சொல்லிய பெண்களுக்கு, உயிர் பிழைத்தால் எந்த வீட்டுக்குத் திரும்புவது என்ற கேள்வி இருந்தது. தீயிட்ட வீட்டுக்கா, ‘புருஷனோடு அனுசரித்துப் போ’ என்று சொல்லி அனுப்பிய பிறந்த வீட்டுக்கா? காவல் நிலையம் வழக்குப் பதியும். நீதிமன்றம் தேதி கொடுக்கும். அந்த இரண்டுக்கும் நடுவிலான மாதங்களை யாராவது ஒருவர் கூட இருந்துதான் கடக்க வைக்க வேண்டும்.

2021இல் மதுரையிலிருந்து இரண்டு இளம்பெண்கள் சென்னைக்கு வந்தார்கள். ஒருவரையொருவர் நேசித்தவர்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்திருந்தார்கள், போலீஸ் தேடியது. அவர்களுக்குத் தங்குமிடமும் பாதுகாப்பும் கிடைக்கத் துணை நின்றவை தன்னார்வக் குழுக்களும், பால்புதுமையினர் சமூகத்தைச் சேர்ந்த மனிதர்களும். பாதுகாப்புக் கேட்டு இருவரும் உயர் நீதிமன்றம் சென்றார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தைத் தாம் முதலில் புரிந்துகொள்ள வேண்டும் என்று கூறி ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டார். அந்த ஜூன் மாத உத்தரவில் அவர் காவல்துறைக்குச் சொன்னவை பரவலாகப் பேசப்பட்டன. தங்குமிடம் பற்றிய பகுதி அவ்வளவாகப் பேசப்படவில்லை: ஏற்கெனவே இருக்கும் குறுகிய காலத் தங்கும் இல்லங்கள், அங்கன்வாடிக் காப்பகங்கள், திருநருக்கான இல்லங்கள் ஆகியவை இத்தகையவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது. புதிதாக ஓர் இல்லம் கட்டச் சொல்லவில்லை. இருக்கும் வாசல்களில் நிற்பவர்களுக்கு எழுதப்பட்ட உத்தரவு அது.