சாயநீரும் நினைவுள்ள தாதுவும்

நிலக்கோட்டைக்கு வடக்கே உள்ள சின்னாளபட்டியின் சுங்குடிச் சேலையை அறியாத மாணவர் இவ்வட்டாரத்தில் இரார். சாயத்தைத் துணியில் நிலைக்கச் செய்யும் வித்தை நம் நாட்டில் மிகப் பழையது. சாயவேரின் சிவப்பைப் பருத்தி நூல் தானாகப் பற்றுவதில்லை; ஆகவே நூலைப் படிகார நீரில் தோய்த்தனர். படிகாரத்திலுள்ள அலுமினியம் நூலையும் சாயத்தையும் பிணைத்து நிறுத்தியது.

1856-இல் இலண்டனில் பெர்க்கின் என்ற 18 வயது இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து பிறந்த பொருள்களைக் கொண்டு ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டார். அதன்பின் செயற்கைச் சாயங்கள் பெருகின. வெயிலுக்கும் சவர்க்காரத்திற்கும் எளிதில் அழியாமை அவற்றின் பெருமை, அதுவே தீமையுமாயிற்று. துணியில் ஏறாது எஞ்சிய சாயம் ஆற்றிலும் எளிதில் அழிவதில்லை. நொய்யலாற்றில் பாசனத்திற்கென எழுந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவின் தேக்கமாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது.

இனி நார்வே நாட்டிற்குச் செல்வோம். அங்கே ஸ்நாரும் என்னுமிடத்தில் கிடைத்த வெண்ணிறத் தாது ஒன்றை 1842-இல் ஹோக்ஸ்டெட்டர் விவரித்தார். ஹைட்ரோடால்சைட் என்பது அதன் பெயர். மக்னீசியமும் அலுமினியமும் கலந்த மெல்லிய தகடுகள், ஏடுகளை அடுக்கிய சுவடிபோல், ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கும். தகடுகள் நேர்மின்னேற்றம் உடையவை. இடையே எதிர்மின்னேற்றமுள்ள கார்பனேட்டும் நீரும் தங்கும்.

இதனை ஏறக்குறைய 500 டிகிரி சென்டிகிரேடில் சுட்டால் நீரும் கார்பனேட்டும் வெளியேறும், அடுக்கு குலையும். ஆனால் சுட்ட பொடியைத் தண்ணீரில் இட்டவுடன் அது பழைய வடிவை மீண்டும் கட்டத் தொடங்குகிறது! விஞ்ஞானிகள் இதைத் தாதுவின் 'நினைவு' என்றே அழைக்கின்றனர். கட்டும்போது இடைவெளியை நிரப்ப எதிர்மின் அயனிகள் வேண்டும். பருத்திக்கு இடும் சாயங்கள் பலவும் அவ்வினத்தவை. எனவே அவற்றைத் தாது பற்றிக்கொள்கிறது. நேர்மின் சாயங்களுக்கு இது ஏற்றதன்று. அவற்றுக்குச் சாதாரணக் களிமண்ணே மேல். சாயம் நிறைந்த பொடியை மீண்டும் சுட்டால் சாயம் எரிந்துபோகும். பொடியைத் திரும்பப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு முறையும் அதன் ஆற்றல் சிறிது குறையும்.

ஆய்வுக்கூடத்துத் தூய நீரில் இவ்வளவும் நன்றாகவே நடைபெறுகிறது. பட்டறை நீரோ வேறு. சாயமேற்றச் சலவைச் சோடா இடுவர்; அது கார்பனேட் அல்லவா? தாது தன் பழைய துணையையே முதலில் நாடும். நம் கிணற்று நீரிலும் பைகார்பனேட் உண்டு.

நிலக்கோட்டைப் பகுதிக் கிணறுகளில் பற்களைக் கெடுக்கும் ஃபுளோரைடு மிகுதி. அதுவும் எதிர்மின் அயனியே. அருகிலுள்ள காந்திகிராமத்து இரசாயன ஆராய்ச்சியாளர் ஹைட்ரோடால்சைட்டுடன் கைட்டோசனைச் சேர்த்து, ஃபுளோரைடை நீக்கும் முறையை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டனர்.

சாயத்தொட்டியில் கொட்டப்படும் உப்பின் பெரும்பகுதியை இப்பொடி தொடுவதில்லை. நிறம் நீங்கித் தெளிந்த நீரும் உவர்நீராகவே இருக்கும். நொய்யல் கரையின் வயல்களைக் கெடுத்ததில் நிறத்தைவிட உப்பின் பங்கே பெரிது.