கிரைம்தார்ப் இசைக்குழு: இரக்கத்தால் வந்த வெற்றியா?

1992 அக்டோபர் 13 அன்று, பிரிட்டனில் எஞ்சியிருந்த 50 நிலக்கரிச் சுரங்கங்களுள் 31-ஐ மூடப்போவதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. யார்க்ஷயரின் கிரைம்தார்ப் சுரங்கமும் அப்பட்டியலில் இருந்தது. அடுத்த சில நாள்களில், லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் நடைபெற்ற தேசியப் பித்தளை இசைக்குழுப் போட்டியில் அச்சுரங்கத்தின் குழு முதலிடம் பெற்றது. 1996இல் வெளிவந்த 'பிராஸ்டு ஆஃப்' திரைப்படத்திற்கு இக்குழுவின் கதையே தூண்டுதல். அப்படத்தின் வழியாக மட்டும் இவ்வெற்றியை அறிபவர், அதனை அனுதாபம் ஈட்டித்தந்த பரிசென எண்ணிவிட வாய்ப்புண்டு. போட்டியின் நடைமுறையோ அவ்வெண்ணத்திற்கு இடந்தருவதில்லை.

மான்செஸ்டரின் பெல்வியூவில் 1853இல் தொடங்கிய போட்டி மரபு இது. எல்லாக் குழுக்களும் ஒரே இசைப்படைப்பை வாசிக்க வேண்டும். வாசிக்கும் வரிசை சீட்டுக் குலுக்கலால் அமையும். நடுவர்கள் மேடையைக் காண இயலாதவாறு மூடிய அறைக்குள் அமர்ந்திருப்பர். 1992இல் வாசிக்கப்பட்டது பிலிப் வில்பியின் 'நியூ ஜெருசலேம்'. வாசிப்பது எக்குழு என்பதை நடுவர்க்கு அறிவியாமல், ஒலியை மட்டுமே மதிப்பிடச் செய்வதே இவ்வேற்பாட்டின் நோக்கம்.

ஆகவே அவ்வெற்றியின் காரணத்தை அந்த ஒரு வாரத்தில் தேடுவது பொருந்தாது. 1917இல் உருவான இக்குழு 1970இலேயே தேசியப் பட்டத்தை வென்றிருந்தது. 1973இல் ஹாரிசன் பர்ட்விசில் என்னும் நவீன இசைமேதை இதற்கெனவே 'கிரைம்தார்ப் ஆரியா'வை இயற்றினார். இக்கருவிகளுள் பெரும்பாலானவற்றிற்கு ஒரே வகை இசைக்குறியீடு என்பதால், கார்னெட் வாசித்தவர் தேவைக்கேற்ப யூஃபோனியத்திற்கோ டியூபாவிற்கோ மாற இயன்றது. பகலில் நிலத்தடியில் உழைத்தவர்கள் மாலைகளில் ஒத்திகையில் பெற்ற தேர்ச்சி தலைமுறைகளாகக் கைமாறி வந்தது.

1993இல் சுரங்கம் மூடப்பட்டது. குழு நிலைத்து, 2006, 2007 ஆண்டுகளிலும் தேசியப் பட்டம் வென்றது. சுரங்கத்தின் பெயரை அது இன்றும் தாங்கியுள்ளது. ஆனால் நிலத்தடியிலிருந்து ஒத்திகைக்கு வருவோர் இப்போது எவருமிலர்.

தொழிலாளர் பண்பாட்டை ஆராயும் நமக்கு இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. இழப்பின் கதையாக மட்டுமே இதனை எழுதினால், அத்தொழிலாளர்கள் தாமே தேர்ந்து வளர்த்த கலைத்திறன் நம் ஏடுகளிலிருந்து மறைந்துபோகும். சுரங்கத்தை இழந்தவர்களிடமிருந்து அதனையும் நாம் பறித்தவராவோம்.